எந்தக் காசு?

“உமக்குக் காசுதானே வேணும் தம்பி? காசைத் தாறன் எண்டுறார். வாங்கிக்கொண்டு போமன்.”

ஒரு சனிக்கிழமை காலை, வழக்குக்கு முன் இரு பக்கத்தையும் வைத்துச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபையில் ஒரு பெரியவர் என்னிடம் இப்படிக் கேட்டு ஒன்பது மாதம் ஆகிறது. ஓய்வுபெற்ற அதிபர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. நல்ல மனிதர், கேள்வியும் நியாயமானது. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே சரியாக வரவில்லை. அவருக்கு எப்படி விளங்கியிருக்கும்? பஸ்ஸில் போகும்போதும் இரவு விளக்கை அணைத்த பிறகும் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பதிலை எழுதித்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நம் பேச்சில் காசு என்றால் பணம். நாணயத்துக்கும் அதே சொல்தான். அப்பா கடைசிவரை ‘சேதுக் காசு’ என்றுதான் சொன்னார். அன்று மேசையில் இரண்டு காசும் இருந்தன. ஒரு கடித உறைக்குள் பணம், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஆறு சேதுக் காசு. பெரியவர் உறையைப் பார்த்துக் கேட்டார். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாண அரசர்கள் வெளியிட்ட செப்புக் காசு அது. ஒரு பக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’. மறுபக்கத்தில் நிற்கும் ஓர் உருவம். அந்த அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் சேதுகாவலர் என்று அழைத்துக்கொண்டவர்கள். அப்பாவிடம் அப்படி மூன்று இருந்தன. தாத்தா காலத்தில் தோட்டம் கொத்தும்போது வந்தவையாம். ஒரு தகர டப்பாவில் பஞ்சு வைத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். தைப்பொங்கலன்று மட்டும் எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைப்பார். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொற்களில் ‘சேது’ ஒன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது அந்த டப்பா வீட்டிலேயே நின்றுவிட்டது. நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நெரிபட்டு நிற்கும்போதுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் போக வழியில்லை. பிறகு நாங்கள் போய்ப் பார்த்தபோது வீடு இருந்தது, அலுமாரி இல்லை.

இருபத்தேழு வருடம் கழித்து, வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் இருந்துகொண்டு, அந்த மூன்றையும் எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் ஒரு முகநூல் குழுவில் ஒருவர் ஆறு சேதுக் காசுகளைப் படம் போட்டிருந்தார். கொழும்பிலேயே இருப்பவர், மரியாதையாகப் பேசினார். ஆறுக்கும் சேர்த்து 96,000 ரூபா. வங்கி மூலம் அனுப்பினேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. ‘யாழ்ப்பாண அரசு காலத்துச் சேது, அசல்’ என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. 2023 தைப்பொங்கலன்று அப்பாவின் கையில் வைத்தேன். கண்பார்வை மங்கிவிட்ட காலம். பெருவிரலால் தடவித் தடவி நந்தியின் திமிலைத் தேடினார். “இதுதானடா” என்றார்.

ஒரே குழி

அந்த வருடம் ஆனியில், ஒவ்வொரு காசையும் நிறுத்து, படமெடுத்து, உறையிலிட்டு ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். இரண்டாவது காசைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது, நந்தியின் திமிலுக்குப் பின்னால் குண்டூசித் தலை அளவில் ஒரு குழி தெரிந்தது. பழைய செம்பில் குழி விழுவது புதுமையில்லை. ஐந்தாவது காசிலும் குழி இருந்தது. அதே இடம், அதே அளவு, அதே சரிவு. விளிம்பில் ஒரு சின்ன வெடிப்பு, அதுவும் இரண்டிலும் ஒரே கோணத்தில். என் கை குளிர்ந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பிறகு நான் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் இதையே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் காசு அச்சுக்கு அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் உருவம் ஒத்திருக்கலாம். ஆனால் அடி விழுந்த மையம் விலகும், விளிம்பு வேறு மாதிரி வெடிக்கும். மண்ணுக்குள் கிடந்து பிடித்த அரிப்பு ஒன்றைப்போல் இன்னொன்றில் வரவே வராது. இரண்டு காசில் ஒரே அரிப்புக் குழி இருந்தால், ஏதோ ஓர் உண்மையான காசை அச்சாக வைத்து அச்சுவார்ப்பில் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த உண்மையான காசின் நோயும் சேர்ந்தே வார்ப்பில் ஏறிவிட்டது. கோட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலின் படத்தட்டுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னிடமிருந்தவற்றில் எழுத்தின் ஓரங்கள் சவர்க்காரக் கட்டி கரைந்ததுபோல் மழுங்கியிருந்தன. பச்சைக் களிம்பை அசிற்றோன் தோய்த்த பஞ்சால் தொட்டேன். உண்மைக் களிம்பு அதற்கு அசையாது. இது பஞ்சில் பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே புதுச் செம்பு.

விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “அண்ணே, நானும் ஒருத்தர்கிட்ட வாங்கித்தான் வித்தேன். எனக்குத் தெரிஞ்சிருந்தா விப்பேனா?” என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் அவர் எழுதிய செய்திகள் ஒவ்வொன்றாக அழிந்திருந்தன. நான் சிலவற்றை மட்டும் படமாகப் பிடித்து வைத்திருந்தேன்.

அப்போதே நான் எங்கும் போயிருக்க வேண்டும். போகவில்லை. வழக்கென்று போனால் காசுகளைக் கொண்டுபோக வேண்டும். அப்பா ஒவ்வொரு நாளும் மாலையில் அவற்றைக் கேட்பார். அவருடைய கையிலிருந்து அதை வாங்கி, இது பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 ஆவணியில் அப்பா போனார். எட்டுச் செலவு முடிந்த கையோடு பையை எடுத்துக்கொண்டு புதுக்கடைக்குப் போனேன்.

புதுக்கடை

கொழும்பில் வழக்கு என்றால் புதுக்கடைதான். 1656இல் கொழும்பு முற்றுகையில் செத்த ஒல்லாந்துத் தளபதி ஹுல்ஃப்ட் பாசறை போட்டிருந்த மேடு, ஆங்கிலத்தில் அவர் பெயரையே இன்னும் சுமக்கிறது. கறுப்புக் கோட்டுகளும் கட்டுக்கட்டாகக் கோப்புகளும் நிறைந்த ஒரு சந்தில், என் மச்சாளோடு படித்த சட்டத்தரணியின் அறை இருந்தது. அவர் காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். குழியை உடனே பிடித்துக்கொண்டார். “அண்ணா, இது போலி எண்டு காட்டுறது கஷ்டமில்லை. அவருக்குத் தெரியும் எண்டு காட்டுறதுதான் கஷ்டம்” என்றார்.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு மோசடி என்னவென்று சொல்கிறது. ஏமாற்றிப் பொருளைப் பெற்றால் 403ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை. ஆனால் அங்கே ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். ‘நானும் வாங்கித்தான் விற்றேன்’ என்ற ஒரு வரி அந்த வாசலில் பூட்டுப் போட்டுவிடுகிறது. கள்ள நாணயம் அடிப்பதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறதே என்று கேட்டேன். அது புழக்கத்தில் இருக்கும் பணத்தைக் காப்பதற்கு, பழைய அரசர்களின் காசைக் காப்பதற்கில்லை என்றார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாமா என்றேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போயிருக்க வேண்டும். நான் குழியைக் கண்டதே ஐந்தாம் மாதத்தில். சேர்ப்பவர்கள் ஒரு பொருளை வாங்கியதும் பத்திரமாக உள்ளே வைத்துவிடுவார்கள். பல வருடம் கழித்து யாராவது சொல்லித்தான் போலி என்று தெரிய வரும். மூன்று மாதம் என்பது பழுதான மின்விசிறிக்குப் பொருந்தும் கணக்கு.

மிஞ்சியது சிவில் வழக்கு. 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில், விவரித்து விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும். விற்றவருக்குத் தெரிந்ததா தெரியாததா என்பது அங்கே தேவையில்லை. கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பொருளைத் திருப்பிக் கொடுக்க நியாயமான காலம் என்று ஒன்றுண்டு, ஒன்றரை வருடம் வைத்திருந்தது அதைக் கடந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே காசை வைத்துக்கொண்டு நட்டஈடுதான் கேட்கலாம். அழிந்த செய்திகளின் படங்களை நீதிமன்றம் ஏற்க, மின்னணுச் சான்றுக்கான நடைமுறை முழுவதையும் பின்பற்ற வேண்டும். நிபுணர் ஒருவர் கூண்டில் ஏற வேண்டும். (அதற்கு முன்பே ஒரு நிறுவனத்தில் ஓர் அதிகாரி என் காசுகளை அன்பாகப் பார்த்து, வார்ப்பு என்று வாயால் சொன்னார். எழுதித் தர முடியுமா என்றதும் தலையசைத்துவிட்டார்.) தவணைக்குத் தவணை அலைந்தால் ஐந்து வருடம் போவது புதினமில்லை. செலவு 96,000 ரூபாவை எப்போதோ தாண்டிவிடும். எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம் என்று 1871ஆம் ஆண்டிலேயே காலவரையறை போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் வரிகளை எழுத்தில் உள்ள ஒப்பந்தம் என்று நம்பி ஆறு வருடக் கணக்கில் இருக்க வேண்டாம் என்றார். அப்படியென்றால் 2026 தையோடு கதவு மூடிவிடும்.

அந்த வாரம் இதே மாதிரி ஏமாந்தவர்களைத் தேடினேன். நான்கு பேர் கிடைத்தார்கள். இரண்டு பேருடைய காசில் அதே குழி. சேர்ந்து போவோம் என்று கேட்டேன். ஒருவருக்கு வெட்கம். ஒருவர் வெளிநாட்டில். மற்ற இருவரும் சொன்ன காரணம்தான் என்னை உறுத்துகிறது. தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையெல்லாம் தொல்பொருளாகக் கொள்கிறது. மண்ணுக்குள்ளிருந்து புதிதாக வருவது அரசின் சொத்து. அது வேண்டிய சட்டம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் போலிக் காசோடு பொலிஸுக்குப் போகிறவரிடம், ‘உங்களிடம் இருக்கும் மற்றவை எங்கிருந்து வந்தன’ என்று கேட்டால் என்ன சொல்வது? பாட்டன் கொடுத்ததற்கு யாரிடம் பத்திரம் இருக்கிறது? என் தாத்தாவின் மூன்று காசு இன்று கையில் இருந்திருந்தால் நானும் அந்த வாசலில் தயங்கித்தான் நின்றிருப்பேன். உண்மைக் காசு வைத்திருப்பவர்களின் இந்தப் பயம்தான் போலி விற்பவருக்குப் பெரிய பாதுகாப்பு.

பணம் இருந்தால் முடியுமா என்றும் யோசித்தேன். அமெரிக்கக் கோடீசுவரர் பில் கோக் 1988இல் தோமஸ் ஜெஃபர்சனுடையவை என்று சொல்லப்பட்ட நான்கு வைன் போத்தல்களை ஏறத்தாழ ஐந்து லட்சம் டொலருக்கு வாங்கினார். பல வருடம் கழித்து, கண்காட்சி ஒன்றுக்காக அவற்றின் வரலாற்றைத் தேடப் போய்த்தான் சந்தேகம் வந்தது. போத்தலில் இருந்த எழுத்து மின்கருவியால் வெட்டியது என்று நிபுணர்கள் சொன்னார்கள். 2006இல் வழக்குப் போட்டார். மூல வியாபாரி ஜெர்மனியில் இருந்துகொண்டு, அமெரிக்க நீதிமன்றத்துக்குத் தன்மேல் அதிகாரமில்லை என்று சொல்லி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். எதிராளி இல்லாமலே 2010இல் தீர்ப்பு வந்தது. இன்னொரு பக்கத்தில், கோக் ஓர் ஏலக் கம்பனிமேல் போட்ட வழக்கை 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் காலங்கடந்தது என்று தள்ளியது. சந்தேகப்படக் காரணம் தெரிந்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டதாம். வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு செலவழித்த மனிதருக்கே இந்த நிலை.

சனிக்கிழமை வகுப்பறை

தொகை சிறியதென்றால் நேரே வழக்குப் போட முடியாது, முதலில் மத்தியஸ்த சபை. கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அங்கே விண்ணப்பித்தோம். சட்டத்தரணிகள் அங்கே நமக்காகத் தோன்ற முடியாது. பாடசாலை வகுப்பறை ஒன்று. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊதியத்துக்காக வந்தவர்கள் இல்லை. சுவரில் வாய்பாடு ஒட்டியிருந்தது.

விற்றவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நேரத்துக்கு வந்தார். வந்ததும் உறையை மேசையில் வைத்தார். “பிரச்சினை வேணாம் சேர். 96,000. முழுக்காசும் இருக்கு. அண்ணன் என்ட காசைத் தந்தாச் சரி.” மூன்று பேரின் முகமும் மலர்ந்தது. அன்று காலையில் அவர்கள் கேட்ட வேலிச் சண்டைகளுக்கும் கடன் சண்டைகளுக்கும் நடுவில் இப்படி ஒரு சுகமான விஷயம். அப்போதுதான் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் கையை உறைக்கு நீட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. இந்தப் பை அவர் கைக்குப் போனால் இன்று மாலையே படமாகி இன்னொருவருக்குப் போகும். அங்கேயும் யாராவது ஒரு மகன் தன் அப்பாவின் கையில் கொண்டுபோய் வைப்பான். “தாறன், ஆனால் ஒவ்வொரு காசிலயும் உளியால ஒரு வெட்டு வெட்டித்தான் தருவன்” என்றேன். அவர் சிரித்தார். “வியாபாரம் முறிஞ்சா அது என்ட பொருள். என்ட பொருள்ல நீங்க எப்பிடி வெட்டலாம்?” பெரியவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடையில் பழுதான சாமானைக் கொடுத்துவிட்டுத்தானே காசை வாங்குவோம்?

சரி, வேறு வழி பார்ப்போம் என்று நினைத்தேன். “எனக்குப் பாதிக் காசு போதும். இந்த ஆறும் என்னோட இருக்கட்டும்.”

அவர் மறுத்தார். நாற்பத்தெட்டாயிரம் ரூபா அவருக்கு மிச்சம். அவர் கணக்கில் அவை தெரியாமல் வாங்கிய போலிகள், ஐந்து சதம் பெறாத செப்புத் துண்டுகள். அவற்றை மீட்கத்தான் இன்னொரு நாற்பத்தெட்டாயிரம் கொடுக்கத் தயாராக நின்றார். கால்பங்கு போதும் என்றும் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் இல்லை, காசு வந்தால்தான் உறை. அவருக்கு என்ன தெரியும் என்பதை இதற்குமேல் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது. என் சட்டத்தரணி கஷ்டம் என்று சொன்ன அந்த ஒன்று, வாய்பாட்டுக்குக் கீழே மூன்று சாட்சிகளின் முன்னால் நடந்துவிட்டது.

வெளியே வந்து சட்டத்தரணிக்குத் தொலைபேசியில் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மத்தியஸ்த சபையில் சொன்னதெதையும் நீதிமன்றத்தில் சான்றாகக் கொண்டுவர முடியாது என்றார். மனிதர்கள் பயமின்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதற்காக வைத்த விதி. அதன் நோக்கம் எனக்கு விளங்குகிறது, அதை மாற்று என்று கேட்கவும் மாட்டேன். கையில் இருப்பது இணக்கம் காணவில்லை என்று சொல்லும் ஒரு சான்றிதழ் மட்டும்.

அமெரிக்காவில் 1973இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. சேகரிப்பு நாணயங்களின் நகலைச் செய்பவர் அதில் ‘நகல்’ என்ற சொல்லைப் பொறிக்க வேண்டும். 2014இல் அதை விற்பவர்கள் பக்கத்துக்கும் நீட்டினார்கள். வகுப்பறையில் நான் கேட்ட உளிவெட்டு அதுதான். விற்றவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று அந்தச் சட்டத்தில் தேட வேண்டியதில்லை, காசைத் திருப்பிப் பார்த்தால் போதும். வேறு எந்தச் சீர்திருத்தத்தையும்விட எனக்கு இது ஒன்றுதான் வேண்டும். பெரியவர் கேட்ட கேள்விக்கும் இதுதான் என் பதில். எனக்கு அந்த உறையிலிருந்த காசு வேண்டும்தான். அதைவிட, அந்தப் பையிலிருந்த காசு இன்னொரு வீட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

போன வாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பையன் வந்தான். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். “அண்ணா, இது உண்மையானதா?” என்று ஒரு சேதுக் காசை மேசையில் வைத்தான். ட்யூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த 12,000 ரூபாவுக்கு வாங்கியது. பூதக்கண்ணாடியை எடுக்கும் முன்பே எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். திமிலுக்குப் பின்னால் அந்தக் குழி. அவனிடம் சொல்வதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பற்றுச்சீட்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். என்னைவிட அவன் கெட்டிக்காரன், வற்புறுத்தி எழுதி வாங்கியிருந்தான். ‘சேது, அசல்’ என்று கையெழுத்தில். கீழே எனக்கு விற்றவரின் ஒப்பம், திகதி. அந்தத் திகதியை இரண்டு தரம் வாசித்தேன். மத்தியஸ்த சபைச் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் பிந்தியது. அங்கே பேசியதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் இவை வார்ப்புப் போலிகள் என்று என் கோரிக்கைக் கடிதம் குழியின் படத்தோடு அவருக்குச் சொல்லியிருக்கிறது. பதிவுத் தபால் துண்டு என் கோப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகும் ‘அசல்’ என்று எழுதி விற்றிருக்கிறார்.

இதைப் பையனுக்கு விளக்கினேன். பொலிஸ், முறைப்பாடு என்றதும் அவன் முகம் மாறியது. வீட்டுக்குத் தெரியாமல் வாங்கியதாம், படிப்புக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம். வற்புறுத்தவில்லை. அந்தத் தயக்கத்தை எனக்குத் தெரியும், நானே அப்பாவுக்காக ஒரு வருடத்துக்கு மேல் வாய் திறக்காமல் இருந்தவன். சீட்டை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அம்மாட்டக் கேட்டுட்டுச் சொல்றன் அண்ணா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.